குழி தோண்டினா நெருப்பு வரும் ஊர்

போன சித்திரை மாசம் எங்க டீம் கால்ல ஒரு சம்பவம். அமெரிக்காவுல இருக்கற சீனியர் அண்ணன் ஒருத்தர், நம்ம ஊர்ப்பக்கத்து ஆள்தான், டெக்சாஸ்ல வீடு வாங்கியிருக்கார். மீட்டிங் ஆரம்பிக்கறதுக்கு முன்னாடி லேப்டாப் கேமராவைத் திருப்பி, வீட்டுக்குப் பின்னாடி புதுசா கட்டின 'ஃபயர் பிட்'டைக் காட்டினார். வட்டமா ஒரு குழி, சுத்தி செங்கல், நாலு நாற்காலி. அவ்ளோதான். ஆன செலவைக் கேட்டு எனக்கு நெஞ்சடைச்சிடுச்சு. "குழி வெட்டி நெருப்பு வெக்கிறதுக்காண்ணா இவ்ளோ காசு?"ன்னு, மியூட்ல இருக்கோம்ங்கற தைரியத்துல வாய்விட்டுச் சொன்னேன்.

மியூட்ல இல்ல :-)

அந்த வாரமே ரெண்டு நாள் லீவு போட்டுட்டு ஊருக்குப் போனேன் (அண்ணன் மேல பயம் எல்லாம் இல்லீங்க, ஏற்கனவே போட்ட லீவுதான்). ஊர் காடாம்புலியூர். பண்ருட்டியிலிருந்து கும்பகோணம் போற ரோட்டுல, நெய்வேலிக்கு முன்னாடி வரும். பஸ்ல போறவங்களுக்கு ரோட்டோரம் முந்திரிப்பருப்பு விக்கற கடைகள் வரிசையா தெரியும். அங்கே வண்டியை நிறுத்தி பருப்பு வாங்கிட்டுப் போயிருந்தீங்கன்னா, எங்க ஊரைப் பார்த்துட்டீங்கன்னு அர்த்தம்.

வீட்டுல உக்காந்து இந்த ஃபயர் பிட் கதையைச் சொன்னதும் எல்லாரும் சிரிச்சாங்க. ஆயா மட்டும் சிரிக்கல. (எங்க பக்கம் பாட்டியை ஆயான்னுதான் சொல்லுவோம். பிறந்த வருஷம் அவங்களுக்கே தெரியாது, எப்படியும் 78 இருக்கும்.) "அதுக்கு எதுக்குடா அவ்ளோ காசு? நம்ம தோட்டத்துலயே கெடக்குதே, கொட்டை சுடுற குழி. மண்ணைத் தள்ளினா ஆச்சு"ன்னாங்க.

எனக்கு மறந்தே போச்சு. சின்ன வயசுல முருங்கை மரத்துக்கு அந்தப் பக்கம் ஒரு குழி இருந்துச்சு. கேஸ் வந்து, அப்புறம் கொட்டையெல்லாம் மில்லுலேயே வேக வெச்சு வர ஆரம்பிச்சதும் அதை யாரும் தொடல. மண்ணு மூடி, மேல நாயுருவி முளைச்சுக் கெடந்தது. அக்கா பொண்ணு வேற மெட்ராஸ்லேருந்து லீவுக்கு வந்திருந்தா. முந்திரிக்கொட்டை சுட்டுத் தின்னதே இல்லையாம். பண்ருட்டிக்காரி ரத்தம்! மானம் போகுதேன்னு, சாயங்காலம் அப்பாவும் நானும் மம்பட்டியை எடுத்துக்கிட்டு இறங்கிட்டோம்.

இந்தப் பதிவு அந்தக் குழியைப் பத்தித்தான். கொசுவத்தி சுத்தறேன்னு ஓடிடாதீங்க, இதுல கொஞ்சம் சரித்திரமும் இருக்கு.

நெருப்புக்குழிங்கறது மனுஷனோட ரொம்பப் பழைய சமாச்சாரம். தென்னாப்பிரிக்காவுல வொண்டர்வெர்க்னு ஒரு குகை. அங்கே சுமார் 10 லட்சம் வருஷத்துக்கு முந்தைய சாம்பலும் கருகின எலும்பும் கெடச்சிருக்கு. நியூசிலாந்து மாவோரி மக்கள் இன்னிக்கும் விசேஷத்துக்குக் குழி வெட்டி, கல்லைச் சூடாக்கி, மேல மண்ணைப் போட்டு மூடிச் சமைக்கிறாங்க. நம்ம ஊர்க் கல்யாணத்துக்கு நீளமா பள்ளம் வெட்டி அண்டாவை ஏத்தறோமே, கோட்டை அடுப்பு, அதுவும் இந்தக் குடும்பம்தான். ஆனா எங்க ஊர்க் குழிக்கு இன்னொரு கதை இருக்கு.

முதல் ஒரு சாண் ஆழத்துல வந்தது கரித்துண்டு. விரல் தண்டி, கை தண்டின்னு நல்ல கெட்டிக் கரி. அப்பா ஒண்ணை எடுத்துப் பாத்துட்டு, "தானே விறகுடா"ன்னார்.

2011 டிசம்பர் 30 விடியக்காலையில தானே புயல் கடலூருக்கும் புதுச்சேரிக்கும் நடுவுல கரையேறுச்சு. காத்து மணிக்கு 120-லிருந்து 140 கிலோமீட்டர் வேகம்னு சொன்னாங்க. அப்போ நான் ஸ்கூல் பையன். விடிஞ்சு வெளியே வந்து பாத்தா, கொல்லையில ஒரு மரம் நிக்கல. (எங்க பக்கம் கொல்லைன்னா வீட்டுக்குப் பின்னாடி இருக்கற இடம் இல்ல. மானாவாரி நிலம். முந்திரி நிக்கற காடு. வீட்டுக்குப் பின்னாடி இருக்கறது தோட்டம்.) பண்ருட்டி வட்டாரத்துல ஆயிரக்கணக்கான ஏக்கர் முந்திரியும், தாத்தா காலத்துப் பலா மரங்களும் வேரோட சாஞ்சுது. முந்திரி மரத்துக்கு ஆணிவேர் இருந்தாலும் பக்கவேர்தான் ரொம்ப தூரம் ஓடும். கிளை அகலமா தரையை ஒட்டிப் படரும். அந்தக் காத்துக்குக் குடை மாதிரி புடுங்கிட்டுப் போயிடுச்சு.

அதுக்கப்புறம் ரெண்டு மூணு வருஷம் எங்க ஊர்ல விறகுக்குப் பஞ்சமே இல்ல. அடுப்புல எரிஞ்சதெல்லாம் தோப்பு. ஆயா ஒவ்வொரு கட்டையையும் வெக்கும்போது "இது கெணத்து மேட்டு மரம்"னு சொல்லிச் சொல்லி வெச்சது எனக்கு ஞாபகம் இருக்கு. அப்புறம் விருத்தாச்சலம் ஆராய்ச்சி நிலையத்தோட வி.ஆர்.ஐ-3 ஒட்டுக்கன்னு வாங்கி நட்டோம். அது காய்ப்புக்கு வர்ற வரைக்கும் அப்பா வெளி வேலைக்குப் போனார். நான் இஞ்சினியரிங் படிச்சது அந்த இடைவெளியில.

இன்னும் ஒரு சாண் இறங்கினோம். மம்பட்டியில 'டங்'குன்னு ஏதோ தட்டுச்சு. புதையலோன்னு ஒரு நிமிஷம் ஆசைப்பட்டது உண்மை. வந்தது துருப்பிடிச்ச இரும்பு வாளி. பக்கத்துல ஒரு ஓட்டை, உள்ளே குறுக்கால கம்பி. "லெக்கோ அடுப்பு!"ன்னு அப்பா சின்னப் பையன் மாதிரி கத்தினார்.

லெக்கோன்னா இந்தக் காலத்துப் பிள்ளைங்களுக்குத் தெரியாது. நெய்வேலியில வெட்டி எடுக்கற பழுப்பு நிலக்கரியில ஏறக்குறைய பாதி தண்ணி. அப்படியே எரிச்சா புகை தாங்காது. அதனால பொடிச்சு, காய வெச்சு, அழுத்திக் கட்டியாக்கி, அப்புறம் காத்து படாம சூடாக்கிக் கரியாக்குவாங்க. அதுதான் லெக்கோ. புகை கம்மி, நின்னு எரியும். கேஸ் வராத காலத்துல தமிழ்நாட்டுல எத்தனையோ வீட்டுல இதுதான் அடுப்பெரிச்சது. அப்பாவுக்குச் சின்ன வயசுல விடியக்காலை டூட்டி இதைப் பத்த வெக்கிறதுதானாம். "பத்திக்கிறதுக்குள்ள உயிர் போயிடும். பத்திக்கிச்சுன்னா மத்தியானம் வரைக்கும் அணையாது." கேஸ் சிலிண்டர் பரவினதும் லெக்கோ மறைஞ்சது. அதைச் செஞ்ச ஆலையும் மூடியாச்சு.

இங்கே கொஞ்சம் நிறுத்தி, எங்க வட்டாரத்தோட பெரிய குழியைப் பத்திச் சொல்லணும்.

1930-களின் நடுவுல, நெய்வேலியில ஜம்புலிங்க முதலியார்னு ஒரு நிலக்கிழார் தன்னோட நிலத்துல தண்ணிக்காகக் கிணறு தோண்டினார். தண்ணியோட சேர்ந்து கருப்பா ஒரு பொருள் மேல வந்தது. வேற யாராவதா இருந்தா 'சனியன், கெணறு கெட்டுப்போச்சு'ன்னு மூடிட்டுப் போயிருப்பாங்க. அவர் விடல, வெள்ளைக்கார அரசாங்கத்துக்குத் தெரிவிச்சார். 1940-கள்ல துளை போட்டுப் பாக்க ஆரம்பிச்சாங்க. கீழே பெரிய நிலக்கரிப் படுகையே இருக்குன்னு தெரிஞ்சுது. 1956 நவம்பர்ல நெய்வேலி பழுப்பு நிலக்கரி நிறுவனம் உருவாச்சு. 1957 மே மாசம் நேரு வந்து சுரங்க வேலையைத் தொடங்கி வெச்சார். மேல் மண்ணை மட்டும் நாலு வருஷத்துக்கும் மேல வாரிக் கொட்டி, 1961 ஆகஸ்ட்லதான் கரி கண்ணுல பட்டது. 1962-ல சோவியத் யூனியன் உதவியோட முதல் மின்சார யூனிட் ஓட ஆரம்பிச்சது. படிப்படியா 600 மெகாவாட்டுக்கு வளர்ந்த அந்த முதல் அனல் மின் நிலையம் 2020-ல ஓய்வு பெற்றது. நிறுவனமே 2016-ல என்.எல்.சி. இந்தியான்னு பேர் மாத்திக்கிச்சு.

இஞ்சினியர் புத்திக்கு இதுல ரொம்பப் பிடிச்ச விஷயம் தண்ணி. கரிப்படுகைக்குக் கீழே ஊற்று நீர் அழுத்தத்தோட நிக்குது. சதுர சென்டிமீட்டருக்கு 6-லிருந்து 8 கிலோ வரைக்கும் மேல் நோக்கித் தள்ளும். மேல இருக்கற மண்ணை எடுத்துட்டா கனம் குறைஞ்சு, சுரங்கத்தோட தரை பொத்துக்கிட்டு வந்துடும். அதனால சுரங்கத்தைச் சுத்தி ஆழ்குழாய்க் கிணறு போட்டு ராத்திரி பகலா தண்ணியை எறைச்சுக்கிட்டே இருக்கணும். ஒரு டன் கரிக்குப் பல டன் தண்ணி. ஜம்புலிங்க முதலியார் தேடினது தண்ணி, கெடச்சது நெருப்பு. பின்னாடி வந்தவங்க தேடினது நெருப்பு, வாரி வாரிக் கொட்டினது தண்ணி!

இன்னொண்ணு. வெளியே எடுத்துப் போட்ட பழுப்பு நிலக்கரி காய்ஞ்சா தானாவே பத்திக்கும். யாரும் தீக்குச்சி கிழிக்க வேண்டாம். அதனால அந்தச் சுரங்கத்துல தண்ணி பீய்ச்சறதே தனி வேலை. ஒரு ஆள் தன் நிலத்துல வெட்டின கிணறு, இன்னிக்குக் கண்ணுக்கெட்டின தூரம் வரைக்கும் பள்ளம். எத்தனையோ கிராமங்கள் இடம் பெயர்ந்து போனது அந்தப் பள்ளத்துக்காகத்தான். எங்க சொந்தக்காரங்க வீட்டுலயே 'பழைய ஊர்'னு பேச்சு வந்தா கொஞ்ச நேரம் அமைதியாயிடுவாங்க.

சரி, நம்ம குழிக்கு வருவோம்.

வாளிக்குக் கீழே மம்பட்டி இறங்கவே இல்ல. தார் ரோடு மாதிரி கருப்பா, மண்ணும் எண்ணெயும் சேர்ந்து இறுகின பாளம். கடப்பாரை போட்டுத்தான் பேத்தோம். மூக்குக்கிட்ட வெச்சா இத்தனை வருஷம் கழிச்சும் அந்த நெடி. முந்திரித்தோல் எண்ணெய்!

முந்திரி நம்ம ஊர் மரமே இல்ல, தெரியுமா? பிரேசில் நாட்டுது. 16-ஆம் நூற்றாண்டுல போர்ச்சுக்கீசியர் மேற்குக் கரைக்குக் கொண்டுவந்தாங்க. அங்கத்துத் துப்பி மக்கள் பேச்சுல 'அகாஜு', போர்ச்சுக்கீசியத்துல 'காஜு'. மலையாளத்துல பறங்கிமாவுன்னு ஒரு பேர் உண்டு. பறங்கிக்காரன் கொண்டாந்த மரம்னு பேர்லயே இருக்கு. மணல் அரிப்பைத் தடுக்கவும், வேற எதுவும் விளையாத நிலத்துல வெக்கவும் இது தோதுன்னு அப்புறம் கரையோரமெல்லாம் பரவுச்சு. 20-ஆம் நூற்றாண்டோட முதல் பாதியில கொல்லம் பக்கம் ஆலைகள் வந்து, பருப்பு அமெரிக்காவுக்குக் கப்பல் ஏறுச்சு. எங்க பக்கம் அது ஆலைக்குள்ள மட்டும் நிக்கல, வீட்டு வாசலுக்கு வந்துச்சு. பண்ருட்டி வட்டாரத்துல திண்ணையில உக்காந்து கொட்டை உடைக்காத பொம்பளையே அந்தக் காலத்துல கம்மி. இப்போ உள்ளூர்க் கொட்டை பத்தாம ஆப்பிரிக்காவுலேருந்து மூட்டை மூட்டையா இறக்குமதி ஆகுது.

இதுக்கு ஏன் நெருப்பு வேணும்? முந்திரிக்கொட்டையோட தோல் ரெண்டு அடுக்கு. நடுவுல தேன்கூடு மாதிரி அறைங்க, அதுக்குள்ள கெட்டியான எண்ணெய். அதுல பெரும்பங்கு அனகார்டிக் அமிலம், கூட கார்டால். தோல்ல பட்டா கொப்புளம் போட்டுடும். சேங்கொட்டையும் இதே குடும்பம்தான், அதைத் தொட்டவங்களுக்கு விளங்கும். வறுத்தா எண்ணெய் கசிஞ்சு எரிஞ்சு போயிடும், தோலும் மொறுமொறுன்னு ஆகி சுலபமா உடையும். அதே எண்ணெய் வண்டியோட பிரேக் லைனிங்குக்கும் பெயிண்ட்டுக்கும் போகுது. நீங்க பைக்ல பிரேக் பிடிக்கும்போது எங்க ஊர் முந்திரித்தோலும் கொஞ்சம் உதவி பண்ணுதுன்னு வெச்சுக்கோங்க.

பாளத்தைப் பேத்துட்டா கீழே சுத்தமான சிவப்பு மண். கடலூர் மணற்கல்னு புவியியல்காரங்க பேர் வெச்சிருக்கற அடுக்கு. முந்திரி நிக்கறது இந்த மண்ணு மேல. நெய்வேலி நிலக்கரி படுத்திருக்கறதும் இதே மண்ணுக்கு அடியில. நெய்வேலிக்காரங்க ஒரு உலகம், கொட்டை உடைக்கிறவங்க வேற உலகம்னு நான் நெனச்சுக்கிட்டிருந்தேன். ரெண்டு நெருப்பும் ஒரே மண்ணோடதுன்னு அந்தக் குழிக்குள்ள நிக்கும்போதுதான் உறைச்சது.

அப்புறம் வேலை மளமளன்னு நடந்துச்சு. நீங்களும் வெட்டறதா இருந்தா, அப்பா சொன்ன கணக்கு இதுதான். முழங்கால் ஆழம், ரெண்டு முழம் அகலம். காத்து வர்ற பக்கம் ஒரு வாய் சரிவா வெட்டணும். எங்களுக்குச் சாயங்காலம் கடல் காத்து கிழக்கேருந்து வரும். வீடு கிழக்கே, தோட்டம் மேற்கே. புகை வீட்டுக்குள்ள வராது. சுத்தி காய்ஞ்ச சருகு இருக்கக் கூடாது. செங்கல் வெக்கலாம், ஆனா ஆத்துல, கொளத்துல கெடந்த ஈரக்கல்லை வெக்கக் கூடாது. உள்ளே இருக்கற தண்ணி ஆவியாகி கல்லு வெடிக்கும். பக்கத்துல ரெண்டு வாளி மணல் கண்டிப்பா.

பழைய தகரத்துல ஆணியால ஓட்டை போட்டு, குழி மேல வெச்சு, ரெண்டு படி கொட்டையைப் பரப்பினோம். ஆயா நாற்காலி போட்டுத் தள்ளி உக்காந்துக்கிட்டாங்க, கையில நீளக் குச்சி. "கிண்டுடா, கிண்டிக்கிட்டே இரு. புகைக்கு எதுக்க நிக்காத." முதல்ல ஒண்ணும் ஆகல. அப்புறம் கொட்டையெல்லாம் வேர்க்க ஆரம்பிச்சது. சட்டுன்னு 'புஸ்ஸ்'ஸுன்னு தகரம் முழுக்க நெருப்பு. கருப்புப் புகை தென்னை மரம் ஒசரத்துக்கு! அக்கா பொண்ணு கத்திக்கிட்டே ஓடிட்டா. "இப்ப கவுத்துடு"ன்னாங்க ஆயா. தகரத்தை மண்ணுல கவுத்து, மணலை வாரிப் போட்டு அணைச்சோம். ஒரு நிமிஷம் முன்னாடி கவுத்தா எண்ணெய் போகாது, பின்னாடி கவுத்தா பருப்பு கருகிடும். அந்த ஒரு நிமிஷத்துக்கு மீட்டரும் கெடயாது, தெர்மாமீட்டரும் கெடயாது. ஆயா கண்ணுதான்.

ஆறினதும் உடைக்கிற வேலை. நான் நாலு கொட்டை உடைச்சேன், நாலும் தூள். ஆயா கையில சாம்பலைத் தடவிக்கிட்டு, கொட்டையை நிமிர்த்தி வெச்சு கட்டையால ஒரு தட்டு. முழுப்பருப்பு. அடுத்தது, முழுப்பருப்பு. முழுசுக்கு ஒரு விலை, பாதிக்கு ஒரு விலை, தூளுக்கு ஒரு விலை. அந்த ஒரு தட்டுலதான் அவங்க மூணு பிள்ளைகளை வளத்தாங்க.

அக்கா பொண்ணு ஆயா கையைப் பிடிச்சுத் திருப்பிப் பாத்துட்டுக் கேட்டா: "ஏன் ஆயா உன் விரல்ல கோடே இல்ல?"

யாரும் பதில் சொல்லல. எங்க எல்லாருக்கும் தெரிஞ்ச விஷயம்தான். நாப்பது வருஷம் அந்த எண்ணெய்ல ஊறி, கொப்புளம் போட்டு, உரிஞ்சு, திரும்பக் கொப்புளம் போட்டு, விரல் நுனி கண்ணாடி மாதிரி ஆயிடுச்சு. சாம்பலும் வெளக்கெண்ணெயும் தடவினாலும் முழுசாத் தடுக்காது. ரேஷனுக்குக் கைரேகை கேக்க ஆரம்பிச்ச புதுசுல, ஆயா நாலு தடவை வெரலை வெச்சும் மெஷின் எடுக்கல. பின்னாடி வரிசையில நின்ன பொம்பளைங்க பாதிப்பேருக்கும் அதே கதி. அப்பா கூடப் போய்தான் அரிசி வாங்கணும். ஒருநாள் திரும்பி வந்து, "நான் இருக்கேன்னு அந்தப் பொட்டி ஒத்துக்க மாட்டேங்குதுடா"ன்னு சொல்லிட்டு முறத்தை எடுத்துக்கிட்டுப் போயிட்டாங்க. கருவிழி பாக்கற மெஷின் வந்தப்புறம்தான் அவங்களால தனியாப் போய் வாங்க முடிஞ்சுது.

ஜம்புலிங்க முதலியாருக்கு நெய்வேலியில சிலை இருக்கு. இருக்க வேண்டியதுதான், அவர் விடாம நிக்கலேன்னா அந்தக் கரி இன்னும் எத்தனை வருஷம் கீழேயே கெடந்திருக்குமோ. கல்வெட்டு, தேதி, யார் வந்தாங்க, எத்தனை மெகாவாட், எல்லாம் எழுதி வெச்சிருக்கு. அதனாலதான் நானும் மேல தேதி தேதியா எழுத முடிஞ்சுது. அதே மண்ணு மேல அதே காலத்துல எரிஞ்ச இன்னொரு நெருப்புக்கு ஒரு தேதியும் இல்ல. ஆயா எந்த வருஷம் கொட்டை உடைக்க உக்காந்தாங்கன்னு அவங்களுக்கே தெரியல. "உங்க அப்பன் தவழ்ந்த வருஷம்"னாங்க. சரித்திரம்னா கையெழுத்து இருக்கணும். இவங்களுக்கு அந்த வேலை கைநாட்டைக் கூட மிச்சம் வெக்கல.

அதனாலதான் மக்களே, இத்தனை ஆணிக்கு நடுவுல உக்காந்து இதை எழுதி வெக்கறேன். காடாம்புலியூர்ல, ஒரு வீட்டுத் தோட்டத்துல, முழங்கால் ஆழத்துல ஒரு குழி இருந்துச்சு. ஒரு பொம்பளை அதுல நாப்பது வருஷம் கொட்டை சுட்டாங்க. எப்போ கவுக்கணும்னு அவங்களுக்குத் தெரியும்.

குழியை மூடல. மேல ஒரு தகரம் போட்டு வெச்சிருக்கோம். அடுத்த சித்திரைக்கு நான்தான் கவுக்கணும்னு ஆயா உத்தரவு. டெக்சாஸ் அண்ணனுக்கு அந்தப் பருப்புல கால் கிலோ பார்சல் அனுப்பினேன். "எவ்ளோ ஆச்சு?"ன்னு கேட்டார். மியூட்ல போட்டுட்டுத்தான் சிரிச்சேன், இந்தத் தடவை ரெண்டு முறை பாத்துட்டு :-)

உங்க வீட்டு ஆயா, அம்மாச்சி, அப்பத்தா யாராவது இருந்தா அவங்க கையைக் கொஞ்சம் திருப்பிப் பாருங்க. என்ன வேலை செஞ்சாங்கன்னு கேட்டு எங்கேயாவது எழுதி வெய்யுங்க.